பதினைந்தாவது தாள்

எனக்கு நூல் தெரியும், ஊசி தெரியும், துணியில நல்ல பக்கம் எது கெட்ட பக்கம் எதுன்னு இருட்டுலகூடத் தடவிச் சொல்லிடுவேன். செடியைப் பத்தி என்ன தெரியும்? பச்சையா இருந்தா செடி, காஞ்சா குப்பை. அதோட சரி. ஆனா கீழ் வீட்டுப் பொண்ணு ஒரு நாள் என் மாடிக்கு ஏறி வந்து, "டெய்லரண்ணே, நீலத்துல அம்பது வகை சொல்றீங்களே, பச்சையில மட்டும் கண்ணு தெரியாதா?"ன்னு கேட்டுச்சு. வாய் சும்மா இருக்குமா? "ஏன் தெரியாது?"ன்னுட்டேன். ஆறு மாசம் முழங்கால் வரைக்கும் சேறு.

அந்தப் பொண்ணை எல்லாரும் டீச்சர்னுதான் கூப்பிடுவாங்க. நெசத்துல டீச்சர் இல்லை. காலேஜுல தாவரப் பாடம் நடத்துற கூடத்துல சாமான் எடுத்து வைக்கிற வேலை, பதினோரு வருஷமா. பாடம் நடத்துறவங்க வருவாங்க, போவாங்க. எந்தச் செடி எந்த அலமாரியில இருக்குன்னு இது ஒண்ணுக்குத்தான் தெரியும். புருஷன் மோட்டாருக்குக் காயில் கட்டுறவன். தங்கமான பையன், ஆனா மூக்கு மேல கோவம். மாமனார் அந்தக் காலத்துத் தபால்காரர். வலது பக்கம் பூராவும் விழுந்து நாலு வருஷமா முன்னறைக் கட்டில்ல கிடக்கறார். பேச்சு குழறும். ஆனா குறும்பு போகலை. நான் உள்ளே நுழைஞ்சா, "பொத்தான் போட மறந்துட்டியா?"ன்னு கேட்பார். நானும் ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு பார்ப்பேன்.

எங்க வரிசை வீடுங்களுக்குப் பின்னாடி ஏரி. பாதி ஏரியை மண்ணடிச்சு மூடிட்டாங்க. மூடின முதல் மழைக்கே தண்ணி தெருவுக்கு வந்து, தெருவுலேர்ந்து வீட்டுக்குள்ளே வந்துச்சு. புருஷன்காரன் வேலைக்குப் போன இடத்துல மாட்டிக்கிட்டான். அரை மணி நேரத்துல தண்ணி கட்டில் பலகையைத் தொட்டுடுச்சு. நானும் அந்தப் பொண்ணும் பெரியவரைத் தூக்கப் பார்த்தோம், முடியலை. அப்புறம் அது கட்டில்ல ஏறி உக்காந்து, மாமனார் தலையை மடியில வச்சுத் தூக்கிப் புடிச்சுக்கிச்சு. நாலு மணி நேரம். தண்ணி அவர் காதைத் தொட்டுக்கிட்டு நிக்குது. அவர் கூரையையே பார்த்துக்கிட்டு இருந்தார். இன்னும் நாலு விரல் ஏறியிருந்தா அன்னிக்கே கதை முடிஞ்சிருக்கும்.

இப்ப மீதிப் பாதியையும் மூடி, சரக்கு வண்டி நிறுத்தப் போறதா பேச்சு. ஏரியைக் கவனிக்கிற அலுவலகத்துக்கு நடையா நடந்து கடைசியில ஒரு வழி கெடைச்சுது. அரிதான செடி ஏதாவது அங்கே தானா முளைச்சு நிக்குதுன்னு காட்டினா ஏரியைத் தொட மாட்டாங்களாம். அப்படி ஒரு செடி அங்கே இருக்கறது இந்தப் பொண்ணுக்குத் தெரியும். பம்ப் அறைக்குப் பின்னாடி, எப்பவும் ஈரமா இருக்கிற ஒரு துண்டுச் சேறு. அதுல சாண் உயரத்துக்கு, மஞ்சள் பூ பூத்து, இலைக்கு அடியில ஊதா ஓடின செடி. புத்தகத்துப் பேரு ரெண்டு வரி நீளம். பூ காதுல போடுற அளவுல இருந்ததால நாங்க கம்மல்னு வச்சுக்கிட்டோம். ஆனா ஒருத்தர் பார்த்தேன்னா ஒத்துக்க மாட்டாங்களாம். பழகின ஆளுங்க பல பேர் தனித்தனியாப் பார்த்து, தனித்தனியா எழுதிக் குடுக்கணுமாம்.

"பழகின ஆளுக்கு எங்கே போறது?"ன்னான் புருஷன்.

"பழக்கிடறேன்"னுச்சு.

அப்படித்தான் ஆரம்பிச்சுது. படிப்பகத்து மாடியில ஞாயித்துக்கிழமை வகுப்பு. சும்மா வர்றவங்கதானே, முப்பத்திரண்டு பேர் வந்தாங்க. சேத்தைப் பார்த்ததும் பத்து பேர் கழண்டாங்க, வெயிலைப் பார்த்ததும் மூணு. மீதி பத்தொம்பது பேரை மேய்க்கிறதுக்குள்ளே டீச்சருக்கு மண்டை காஞ்சுடும். ஒருத்தருக்கு ஷிஃப்ட்டு மாறும், ஒருத்தருக்குப் புள்ளைக்குக் காய்ச்சல், ஒருத்தர் பூதக்கண்ணாடியைத் தொலைச்சுட்டு வருவார். இது ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டு, விட்டுப்போன பாடத்தைத் தனியா சொல்லி, அவங்க கொண்டு வர்ற தாள்ல சிவப்புப் பேனாவால திருத்தி, திருத்தினது ஏன்னு எழுதி, மறுபடி அனுப்பும். தாள்ல கட்டம் போட்டிருக்கும். செடிப் பேரு, இடம், தேதி, நேரம், எத்தனை இருந்துச்சு, யாரு பார்த்தது. ஈரச் செடியைக் காகிதத்துல வச்சு அழுத்திக் காய வைக்கிற பாடத்துல, சீக்கிரம் காயட்டும்னு நான் இஸ்திரிப் பெட்டியை வச்சுட்டேன். கீரைக் கடைசல் மாதிரி ஆயிடுச்சு. எங்களோட படிச்ச சலூன்காரர் ஒரு மாசம் அதைச் சொல்லியே சிரிச்சார்.

எங்கள்ல ரொம்ப மெதுவா கத்துக்கிட்டவங்க லிஃப்ட்டக்கா. ஆஸ்பத்திரியில லிஃப்ட்டு ஓட்டுறவங்க. எட்டு மணி நேரம் ஒரு பெட்டிக்குள்ளே நின்னுக்கிட்டு மேலே போய்க் கீழே வர்ற பொழப்பு. "எனக்குப் பச்சையே கண்ணுல படறதில்லை டீச்சர், அதான் வந்தேன்"னாங்க. இலை ஜோடியா வருதா, மாறி மாறி வருதான்னு புரிஞ்சுக்கவே ஒரு மாசம் ஆச்சு. வகுப்பு முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் டீச்சர் அவங்களோட உக்காந்து, ஒவ்வொரு குச்சியா கையில குடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லும். நான் ஒரு நாள் சலிச்சுக்கிட்டேன். "ஏம்மா, இவங்களுக்கு இது வருமா?"

"இவங்க தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றாங்க அண்ணே. உங்களை மாதிரி அடிச்சு விடறதில்லை"னுச்சு. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு.

இனிமே சொல்லப் போறதுதான் நான் பண்ணின பாவம்.

செடி எடுக்கிற பாடம் நடக்கவேண்டிய ஞாயித்துக்கிழமை காலையில பெரியவர் கட்டில்லேர்ந்து விழுந்துட்டார். அவரைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடறப்போ டீச்சர் என் கையில ஒரு தாளைத் திணிச்சுட்டுப் போச்சு. "இதை அப்படியே படிச்சுடுங்க அண்ணே." நானும் படிச்சேன். பார்த்தேன்னு எழுதினா மட்டும் போதாது, அத்தாட்சிக்கு ஒரு செடியை வேரோட எடுக்கணும். மண்ணை உதறணும். காகிதத்துக்குள்ளே வைக்கணும். தாளோட சேர்த்துக் குடுக்கணும். நல்லா சத்தமா, டீச்சர் மாதிரியே கையை ஆட்டி ஆட்டிப் படிச்சேன். அதுக்குள்ளே மழை புடிச்சுக்கிச்சு. எல்லாரும் பையைத் தூக்கிட்டு நிக்கறாங்க. தாளைத் திருப்பினேன். பின்பக்கத்துல நாலு வரி இருந்துச்சு. தொப்பி கொண்டு வாங்க, தண்ணி கொண்டு வாங்கன்னு வழக்கமா எழுதுறதுதான்னு நினைச்சேன். மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு ஏரியில பதிவு. நாலு பேரைக் கரைக்கு அனுப்பிட்டு, பதினஞ்சு பேரைப் பம்ப் அறைக்குப் பின்னாடி போகச் சொல்லுச்சு. ஒருத்தர் பார்த்து ஒருத்தர் எழுதக் கூடாதுல்ல, அதனால ஆளுக்கு அரை மணி நேரம், தனித்தனியா. எழுதினதையும் எடுத்ததையும் திங்கக்கிழமை வரைக்கும் யாரும் யாருக்கும் காட்டக் கூடாது. டீச்சர் கரை வாசல்ல உக்காந்து, போறவங்க வர்றவங்க நேரத்தைக் குறிச்சுக்கிட்டு இருந்துச்சு. காலையில எட்டரைக்கு முதல் ஆளு நான்தான். பூத்துக் குலுங்கிக்கிட்டு நின்னுச்சு கம்மல். எண்ணினேன், பதினாறு. அழகா ஒண்ணை வேரோட எடுத்துக்கிட்டு வந்தேன். அவ்வளவு பெருமை எனக்கு!

திங்கக்கிழமை சாயங்காலம், முன்னறைத் தரையில தாளுங்களைப் பரப்பி டீச்சர் நேரப்படி அடுக்குது. பெரியவர் கட்டில்லேர்ந்து எட்டிப் பார்க்கிறார். நான் 'எத்தனை'ங்கிற கட்டத்தைப் படிக்கிறேன், அது குறிச்சுக்குது.

"எட்டரை, பதினாறு. ஒம்பது மணி, பதினஞ்சு. ஒம்பதரை, பதிமூணு."

டீச்சர் பேனா நின்னுச்சு. "இன்னொரு தடவை சொல்லுங்க."

"பதிமூணு. ஒம்பது மணிக்குப் போன மில்லு மேஸ்திரி ரெண்டு எடுத்திருக்கார் போல. பத்து மணி, பன்னெண்டு. பத்தரை, பதினொண்ணு..."

நடுவுல இன்னொருத்தரும் ரெண்டு எடுத்திருந்தார். கடைசிக்கு முந்தின ஆளு சலூன்காரர். மூணு மணி, ஒண்ணு. பக்கத்துல, 'நல்ல வேளை, எனக்கு ஒண்ணு மிச்சம் இருந்தது'ன்னு எழுதியிருந்தார். மூணரை மணி, லிஃப்ட்டக்கா. பொடிப் பொடி எழுத்துல, 'இல்லை. மூன்று முறை சுற்றிப் பார்த்தேன். மண்டியிட்டும் பார்த்தேன். சிறு குழிகள் உள்ளன. செடி இல்லை.'

டீச்சர் செருப்புகூடப் போடாம ஓடுச்சு. நானும் பின்னாடியே ஓடினேன். சேத்துல குழி குழியா தண்ணி நிக்குது. வேறே ஒண்ணும் இல்லை. அது அப்படியே அந்தச் சேத்துல உக்காந்துடுச்சு.

"இருபதுக்குக் கீழே இருந்தா கை வைக்கக் கூடாது, படம் மட்டும்தான் எடுக்கணும்னு எழுதிக் குடுத்தேனே அண்ணே. படிச்சீங்கல்ல?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு வரலை. "பின்பக்கம் படிக்கலைம்மா. மழை வந்துடுச்சு"ன்னேன்.

திட்டியிருந்தா பரவாயில்லை. ரெண்டு அறை விட்டிருந்தாகூட வாங்கியிருப்பேன். "அலுவலகத்து அதிகாரி வியாழக்கிழமை பத்து மணிக்குச் செடியைப் பார்க்க வர்றார்"னு மட்டும் சொல்லுச்சு.

புருஷன் சும்மா விடுவானா? "உங்களை நம்பிக் குடுத்தா பாருங்க, அவளைச் சொல்லணும்! ஒரு தாளுக்கு ரெண்டு பக்கம் இருக்கும்னு தெரியாதா டெய்லரே? துணியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கத் தெரியுதுல்ல?"ன்னு கத்தினான். பெரியவர்தான், "விடுறா"ன்னார். அவன் அவரைப் பார்த்தான், வாயை மூடிக்கிட்டு வெளியே போயிட்டான்.

செவ்வாய், புதன் ரெண்டு நாளும் நாங்க தேடாத இடம் இல்லை. ஏரி மூலை முடுக்கு, வாய்க்கா ஓரம், மண்ணடிச்ச பக்கத்துல இருந்த பள்ளம்கூட விடலை. நான் கடையைச் சாத்திட்டேன். டீச்சர் லீவு போட்டுட்டு சோறு தண்ணி இல்லாம அலைஞ்சுது. மஞ்சளா எதைப் பார்த்தாலும் உயிர் போய் உயிர் வரும். கிட்டே போனா வேறே ஏதாவது. புதன்கிழமை மத்தியானம் கரையில உக்காந்து, "தண்ணி வந்தா இந்தத் தடவை அவரை எப்படிண்ணே தூக்குவேன்?"னு அழுதுச்சு. அது அழுது நான் பார்த்ததில்லை. எங்கேயாவது விழுந்து செத்துடலாமான்னு இருந்துச்சு எனக்கு.

அன்னிக்குச் சாயங்காலம் சலூன்காரர் முகம் தொங்கிப் போய் வந்தார். கையில ஷேவிங் குவளை. அதுல சேறு, சேத்துல கம்மல். உயிரோட!

"பூ நல்லா இருந்துச்சு டீச்சர். அழுத்திக் காயப் போட மனசு வரலை. தாளை மட்டும் குடுத்துட்டேன். தப்புதான்."

புருஷன்காரன் குவளையை வாங்கிப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். ரெண்டு பேருக்கும் ஒரே நினைப்பு.

"எடுத்த இடத்துலயே திருப்பி வச்சுடறோம். யாருக்குத் தெரியப் போவுது?"ன்னான்.

"நட்ட செடியை எழுத முடியாது"ன்னுச்சு டீச்சர். "தானா நிக்கிறதைத்தான் எழுதணும்."

"மூணு நாள் முன்னாடி தானா நின்ன செடிதானே? வேறே ஊருலேர்ந்தா கொண்டாந்தோம்?" அவன் கட்டிலைக் காட்டினான். "இவரை விட உனக்கு அந்தக் கட்டம் பெருசா?"

டீச்சர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிச்சு. விடியற நேரத்துல நாங்க ரெண்டு பேரும் குவளையை எடுத்துக்கிட்டுக் கிளம்பறோம், கதவுக்கு உள்ளேயிருந்து குரல் வருது. "கழுத்து வரைக்கும் புதைக்காதீங்க. வேர் மட்டும் மூடினாப் போதும். சுத்தி இருக்கிற சேத்தையே வச்சு மூடுங்க."

வச்சோம். குழிகளை எல்லாம் கையால மூடினோம். கால் தடத்தைத் தண்ணி ஊத்தி அழிச்சோம். திருட்டுப் பசங்க மாதிரி வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

பத்து மணிக்கு அதிகாரி வந்தார். நல்ல மனுஷன்தான். முழங்கால் வலிக்குதுன்னு என் தோளைப் புடிச்சுக்கிட்டே சேத்துல எறங்கினார். மத்த ஆளுங்களை டீச்சர் வரச் சொல்லலை, வேலை நாள்னு சொல்லிடுச்சு. ஆனா கரைமேல குடை ஒண்ணு வருது. லிஃப்ட்டக்கா! ஷிஃப்ட்டை மாத்திக்கிட்டு வந்திருக்காங்க. "டீச்சருக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு"ன்னு சிரிச்சாங்க. டீச்சருக்கு முகத்துல ரத்தமே இல்லை.

அதிகாரி குனிஞ்சு இலையைத் திருப்பி ஊதாவைப் பார்த்தார். படம் எடுத்தார். டீச்சர்கிட்டே தாளுங்க இருந்த கோப்பை வாங்கி ஒவ்வொண்ணாப் புரட்டினார். "அடடா, மாதிரிக்கு இவ்வளவு எடுத்துட்டாங்களே"ன்னு உச்சுக் கொட்டினார். டீச்சர் தலையைக் குனிஞ்சுக்கிச்சு. "சரி, ஒண்ணு நின்னாலும் இருக்குன்னுதான் அர்த்தம். பதினாலு பேர் பார்த்திருக்காங்க. வேலையை நிறுத்தி வைக்கச் சொல்லி எழுதிடறேன்மா."

அப்பா! புருஷன்காரன் கண்ணை மூடிக்கிட்டான். முடிஞ்சுது, பெரியவர் பொழைச்சார்னு நினைச்சேன்.

"சார், பதினஞ்சு"ன்னாங்க லிஃப்ட்டக்கா.

"என்னம்மா?"

"பதினஞ்சு பேர் பார்த்தோம். கடைசி ஆளு நான்." கோப்பை எட்டிப் பார்த்தாங்க. "என் தாளை இதுல காணோமே டீச்சர்?"

அக்கா செடியைப் பார்த்தாங்க, டீச்சரைப் பார்த்தாங்க, திரும்பவும் செடியைப் பார்த்தாங்க. அவங்க முகம் மெல்லச் சின்னதாப் போச்சு.

"ஓ... நான் இல்லைன்னு எழுதிட்டேன். அதான் எடுத்துட்டீங்களா? இதோ நிக்குதே! மூணு தடவை சுத்தினேனே டீச்சர், மண்டி போட்டுப் பார்த்தேனே. இவ்வளவு பெருசா நிக்கிறதை எப்படி விட்டேன்?" அதிகாரி பக்கம் திரும்பினாங்க. "டீச்சர் மேல தப்பு இல்லை சார். ஆறு மாசமா எனக்குத் தனியா உக்காந்து சொல்லிக் குடுத்தாங்க. எனக்குத்தான் கண்ணு இல்லை. நான் இதுக்கு லாயக்கில்லை. நாளையிலேர்ந்து வரலை டீச்சர்."

அதிகாரி, "பரவாயில்லைம்மா, பழகினா வந்துடும்"னு கோப்பை மூடினார். நாங்க ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லை. சும்மா நின்னாப் போதும். புருஷன் டீச்சரையே பார்க்கிறான். அந்த மாதிரி கெஞ்சுற கண்ணை நான் இன்னொரு மனுஷன்கிட்டே பார்த்ததில்லை. வாய் மட்டும் மெல்ல, "வேண்டாம், வேண்டாம்"னு அசையுது. நானும் மனசுக்குள்ளே அதையேதான் சொன்னேன். வெக்கமா இருக்கு, ஆனா சொன்னேன்.

அக்கா குடையை மடக்கிட்டுக் கரையேற ஆரம்பிச்சுட்டாங்க.

"அக்கா, நில்லுங்க." டீச்சர் கைப்பையைத் திறந்து, நாலா மடிச்ச தாளை எடுத்துச்சு. மடிப்பை நீவி விட்டுச்சு. "நீங்க சரியாத்தான் பார்த்தீங்க. ஞாயித்துக்கிழமை மூணரைக்கு இங்கே ஒண்ணும் இல்லை. இது இன்னிக்குக் காலையில நாங்க நட்டது."

அக்காவுக்கு உடனே புரியலை. "அப்ப என் தாள்..."

"சரி அக்கா. ஒரு திருத்தமும் இல்லை."

அதிகாரி கோப்பைத் திறந்து அந்தத் தாளை வாங்கி வச்சார். "இதுக்கு மேலே என்னால எழுத முடியாதும்மா"ன்னார். இந்தத் தடவை என் தோளைப் புடிக்காம, தானா தடுமாறி ஏறிப் போனார். லிஃப்ட்டக்காவுக்கு அப்பதான் எல்லாம் விளங்குச்சு. வாயைப் பொத்திக்கிட்டு அங்கேயே உக்காந்துட்டாங்க.

புருஷன் விறுவிறுன்னு வீட்டுக்கு நடந்தான். வீட்டுல எதையாவது அடிச்சுத் தொலைச்சுடுவானோன்னு நாங்க பின்னாடியே ஓடினோம். அவன் நேரா முன்னறைக்குப் போய், கட்டில் முன்னாடி குந்தி, அப்பாவோட ரெண்டு கையையும் எடுத்துத் தன் கழுத்துல போட்டுக்கிட்டான்.

"என்னடா? வந்தாரா அவரு? என்ன சொன்னாரு?"ன்னார் பெரியவர்.

"புடிச்சுக்கோப்பா."

முதுகுல தூக்கிக்கிட்டு வெளியே வந்து என் மாடிப்படியில கால் வச்சான். நல்ல உச்சி வெயில். வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்லை. ஒரு படி, ரெண்டு படின்னு ஏறினான். ஏழாவது படியில திரும்பற இடத்துல பெரியவரோட விளங்காத கால் சுவத்துல இடிச்சு மாட்டிக்கிச்சு. அவனால ஏறவும் முடியலை, எறங்கவும் முடியலை. மூச்சு வாங்குது.

"எதுக்குடா இப்ப இதெல்லாம்? மழையா பெய்யுது?"

டீச்சர் ஓடிப் போய் அந்தக் காலைத் தன் தோள்ல தாங்கிக்கிச்சு. அவன் திரும்பிப் பார்க்கலை.

"சும்மாதான் மாமா"ன்னுச்சு. "பழகிக்கிறோம்."